மாணவர்களை வெளியே அழைத்துப்போகும் ஆசிரியருக்கு: தாள், பணம், நேரம்

காடு, மலையடிவாரம், ஆற்றங்கரை, பறவைகள் வந்து தங்கும் ஏரி என்று எங்கேயாவது ஒரு நாள் மாணவர்களை அழைத்துப்போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நல்ல முடிவு. பாடப் படத்தில் மட்டும் இலை நரம்பைப் பார்த்த பிள்ளை, உண்மையான இலை ஒன்றைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கும்போது கேட்கிற கேள்வி வகுப்பறையில் வராது. ஆனால் அந்த நிமிடத்துக்கு முன்னால் படிவங்களும் கையெழுத்துகளும் கணக்குகளும் வரிசைகட்டி நிற்கின்றன. ஆசிரியர் பயிற்சியில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. எந்தத் தாள் முதலில், அதில் யார் கையெழுத்திட வேண்டும், பணத்தை எப்போது வாங்குவது என்று ஒவ்வொரு மேசையாகக் கேட்டு அலைந்துதான் நானும் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணத்தைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை என்றால் இரவு தங்கும் திட்டம் வேண்டவே வேண்டாம். தங்குமிடம், இரவுக் காவல், ஆண் பெண் ஆசிரியர் எண்ணிக்கை என்று வேலை இரண்டு மடங்காகிவிடும்.

1. எதற்காகப் போகிறோம் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

"ஏழாம் வகுப்பு மாணவர்கள் ஓடும் நீரிலும் தேங்கிய நீரிலும் வாழும் உயிர்களை ஒப்பிட்டுப் பார்க்க." இவ்வளவு போதும். "இயற்கையை அறிய" என்று பொதுவாக எழுதினால் அனுமதி தர வேண்டியவர் "அதைப் பள்ளித் தோட்டத்திலேயே அறியலாமே" என்பார். வரி தெளிவாக இருந்தால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் எளிது. தூரமான, பேர்பெற்ற இடம் வேண்டியதில்லை. அதே பாடத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இடம் இருக்கும்போது மூன்று மணி நேரம் பேருந்தில் உட்கார வைப்பது பிள்ளைகளின் நாளைத் தின்றுவிடும்.

2. நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

போகும் தேதியைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். மூன்று மாதம் இருந்தால் நிம்மதியாகச் செய்யலாம். இரண்டு மாதம் என்றால் ஓடி ஓடிச் செய்யலாம். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் அடுத்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன்: தலைமை ஆசிரியரிடம் வாய்மொழியாகப் பேசி, தேதியைப் பள்ளி நாள்காட்டியில் எழுதிவிடுங்கள். தேர்வு, விளையாட்டு விழா, மற்ற வகுப்பின் பயணம் எதனோடும் மோதாமல் இருக்கிறதா என்று பார்ப்பது இப்போதுதான். கூடவே, மழை பெய்தால் போக ஒரு மாற்றுத் தேதியையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேடினால் கிடைக்காது.

பத்து வாரம் இருக்கும்போது இடத்தின் பொறுப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பம் போக வேண்டும். காப்புக்காடு, அணைப் பகுதி, தனியார் நிலம் எல்லாவற்றுக்கும் உள்ளே நுழைய அனுமதி வேண்டும். இந்தப் பதில்தான் எப்போதும் தாமதமாக வரும். அதனால் அதை முதலில் அனுப்புங்கள். எட்டு வாரத்தில் நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். ஆறு வாரத்தில் பெற்றோர் கடிதம். மூன்று வாரத்தில் படிவமும் பணமும் கைக்கு வந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெற்றோருக்குச் சொல்லும் கடைசித் தேதியும் உங்கள் உண்மையான கடைசித் தேதியும் ஒன்றாக இருக்கக் கூடாது. இடையில் ஒரு வாரம் விடுங்கள். எந்த வகுப்பிலும் சில படிவங்கள் கடைசித் தேதி தாண்டித்தான் வரும். அந்தப் பிள்ளைகள் விடுபடாமல் இருக்க அந்த ஒரு வாரம் உதவும்.

3. நீங்கள் முதலில் போய்ப் பாருங்கள்

இணையத்தில் படம் பார்த்துவிட்டு மாணவர்களை அழைத்துப்போகாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு நேரில் போங்கள். முடிந்தால் அதே கிழமையில், அதே நேரத்தில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் சாலை வேலைநாளில் லாரிகளால் நிறைந்திருக்கலாம். அன்று கழிப்பறை பூட்டியிருக்கலாம்.

பேருந்து நிற்கும் இடத்தில் தொடங்குங்கள். பேருந்து அங்கே திரும்ப முடியுமா? இறங்கும் பக்கம் சாலையா, ஓரமா? நாற்பது பிள்ளைகள் வரிசையாக நிற்க இடம் இருக்கிறதா? அடுத்தது கழிப்பறை. எத்தனை, தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மாதவிடாய்க் காலத்தில் இருக்கும் மாணவிக்கு அது போதுமா என்று உள்ளே போய்ப் பாருங்கள். எண்ணிக்கையை வைத்து நேரமும் கணக்கிடலாம். நாற்பது பேர், இரண்டு கழிப்பறை, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் நாற்பது நிமிடம் அங்கேயே போய்விடும். இதை அட்டவணையில் எழுதாவிட்டால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்.

பிறகு மாணவர்கள் நடக்கப்போகும் பாதை முழுவதையும் நடந்துவிடுங்கள். கைபேசியில் சிக்னல் எங்கே இருக்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். ஆம்புலன்ஸ் எதுவரை வர முடியும், அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்கள் என்ன, அருகிலுள்ள மருத்துவமனை எத்தனை நிமிடம், அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் அவசரச் சிகிச்சை உண்டா என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்பதோடு நிறுத்தாமல், வாசல் வரையாவது போய் வாருங்கள்.

நடை நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1892-இல் வில்லியம் நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் பாதையில் 300 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 42 நிமிடம் வரும். அது நன்றாக நடக்கத் தெரிந்த பெரியவருக்கு. பள்ளிக் கூட்டத்துக்குக் குறைந்தது பாதி நேரத்தைக் கூட்டுங்கள், இரண்டரை மணி நேரம் ஆகும். நின்று பார்ப்பதும் ஓய்வும் அதற்கு மேல். கூட்டத்தின் வேகம் கடைசியாக வரும் பிள்ளையின் வேகம்தான்.

மலை ஏறுகிறீர்கள் என்றால் இன்னொன்று. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கீழே வியர்க்கும்போது மேலே ஸ்வெட்டர் தேவைப்படலாம். பெற்றோர் கடிதத்தில் இதை எழுதாவிட்டால் பிள்ளைகள் மெல்லிய சட்டையோடுதான் வருவார்கள்.

4. பணக்கணக்கு

பலரும் தடுமாறுவது இங்கேதான். செலவை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாதது ஒரு பக்கம்: பேருந்து வாடகை, ஓட்டுநர் படி, சுங்கம், நிறுத்தக் கட்டணம், வழிகாட்டி, முதலுதவிப் பொருள், உடன் வரும் ஆசிரியர்களின் நுழைவுச்சீட்டும் சாப்பாடும். ஆளுக்கு ஆள் கூடுவது இன்னொரு பக்கம்: மாணவர் நுழைவுச்சீட்டு, சாப்பாடு, தண்ணீர், தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் காப்பீடு.

எண்ணோடு பார்க்கலாம். மாறாச் செலவு 24,000, ஆளுக்கு ஆகும் செலவு 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நாற்பது பேர். 24,000-ஐ நாற்பதால் வகுத்தால் 600, அதோடு 150, ஆக 750. இந்த 750-ஐ அப்படியே பெற்றோரிடம் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். காய்ச்சல், குடும்ப விசேஷம், கடைசி நேர மறுப்பு என்று எட்டுப் பேர் நின்றுவிட்டால் கையில் இருப்பது 24,000. ஆகும் செலவோ 28,800. அந்த 4,800 யார் பையிலிருந்து வரும் என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும், ஆசிரியர்தான் போடுவார்.

அதனால் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர்தான் வருவார்கள் என்று கணக்கிடுங்கள். நாற்பதில் முப்பத்து நான்கு. 24,000-ஐ முப்பத்து நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 706, அதோடு 150, ஆக 856. எதிர்பாராத செலவுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 940 பக்கம் வரும். மீதமானால் திருப்பித் தருவோம் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், எழுதியபடி திருப்பியும் கொடுங்கள். அடுத்த முறை கேட்கும்போது பெற்றோர் யோசிக்காமல் தருவார்கள்.

கட்ட முடியாத குடும்பம் எல்லா வகுப்பிலும் இருக்கிறது. அந்தப் பிள்ளை "எனக்கு வயிற்றுவலி, நான் வரல" என்று சொல்லும். பணம் இல்லை என்று சொல்லாது. கடிதத்தில் "கட்டணம் சிரமமாக இருந்தால் வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். பள்ளி நிதி, பழைய மாணவர்கள், பெற்றோர் சங்கம் என்று எங்கிருந்தாவது இரண்டு மூன்று பேருக்கான தொகையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்ற பட்டியல் வகுப்பில் ஒட்டப்படவே கூடாது. பெயரை உரக்க வாசிக்கவும் கூடாது. பணத்தால் ஒரு பிள்ளை வீட்டில் நின்றுவிட்டது என்றால் அந்தப் பயணத்தில் குறை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

பணம் வாங்கும் அன்றே ரசீது கொடுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள், பள்ளிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். வண்டிக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன் ரத்து விதியை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை நாளுக்கு முன் சொன்னால் எவ்வளவு திரும்பி வரும், மழையால் தேதி மாறினால் முன்பணம் அடுத்த தேதிக்குச் செல்லுமா? "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பது விதி ஆகாது.

5. தாள்கள்

ஒரு கோப்பு போடுங்கள். அதில் கீழே சொல்லும் வரிசையில் தாள்கள் இருக்கட்டும், ஏனென்றால் ஒன்று இல்லாமல் அடுத்ததில் கையெழுத்து விழாது.

முதல் தாள், பள்ளியின் அனுமதி. நோக்கம், தேதி, மாற்றுத் தேதி, இடம், எத்தனை மாணவர், உடன் வருவோர் பெயர், போகும் முறை, புறப்படும் நேரம், திரும்பும் நேரம், உத்தேசச் செலவு எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கல்வித் துறையின் அனுமதியும் தேவையா என்று அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள். தேவை என்றால் அதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்றும் கேளுங்கள். "சரி, போய்ட்டு வாங்க" என்ற வாய்மொழி போதாது. கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வேண்டும்.

இரண்டாவது, இடத்தின் பொறுப்பாளர் தந்த கடிதம். மூன்றாவது, ஆபத்து மதிப்பீடு. இதைப் பற்றி ஏழாவது படியில் சொல்கிறேன். நான்காவது, காப்பீடு. பள்ளிக்கு ஏற்கெனவே ஒரு காப்பீடு இருந்தால் அது வளாகத்துக்கு வெளியேயும் செல்லுமா, மலையேற்றம், படகு போன்றவற்றை விலக்கியிருக்கிறதா என்று அந்தப் பத்திரத்தையே வாங்கி வாசியுங்கள்.

ஐந்தாவதுதான் மிக முக்கியமானது: பெற்றோர் ஒப்புதலும் மருத்துவக் குறிப்பும். பல பள்ளிகளில் "என் பிள்ளையை அனுப்பச் சம்மதிக்கிறேன்" என்ற ஒரு வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எதற்குச் சம்மதம் என்று அதில் இல்லை. எங்கே, எப்போது, எதில் போகிறோம், என்னென்ன செய்வோம், தண்ணீருக்குள் இறங்குவோமா மாட்டோமா என்பதெல்லாம் எழுதியிருந்தால்தான் அது ஒப்புதல். மருத்துவப் பகுதியில் "உடல்நலக் குறை ஏதேனும் உண்டா?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள், "இல்லை" என்றே பதில் வரும். தனித்தனியாகக் கேளுங்கள். ஆஸ்துமா உண்டா, இன்ஹேலர் வைத்திருக்கிறாரா? எந்த உணவு, மருந்து, பூச்சிக்கடி ஒத்துக்கொள்ளாது? வலிப்பு, நீரிழிவு, இதயக் கோளாறு? தினமும் எடுக்கும் மருந்து, அளவு, நேரம்? பேருந்தில் வாந்தி வருமா? கடைசியாக ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டது எப்போது? நீச்சல் தெரியுமா? அவசரத்தில் சிகிச்சை தரச் சம்மதமா? அன்று முழுவதும் எடுக்கக்கூடிய இரண்டு தொலைபேசி எண்கள் என்ன?

படிவம் வந்ததும் அடுக்கி வைத்துவிடாதீர்கள், வாசியுங்கள். ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். "கடலைன்னா ஒத்துக்காது" என்று எழுதியிருப்பது அரிப்பா, மூச்சுத் திணறலா என்பது பேசினால்தான் தெரியும். சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவர், கூட்டமும் சத்தமும் தாங்காத மாணவர் இருந்தால் அவர்கள் வீட்டில் பேசிவிட்டு, அதற்கேற்ற பாதையைத் தேர்ந்தெடுங்கள். பாதையை முடிவு செய்துவிட்டு, "இவருக்கு இது ஒத்துவராது" என்று சொல்வது தலைகீழ்.

புகைப்படம் எடுத்துப் பொதுவெளியில் போடச் சம்மதமா என்பதற்குத் தனிக் கேள்வி, தனிக் கையெழுத்து. பயணச் சம்மதத்தோடு இதைச் சேர்க்காதீர்கள்.

எல்லாப் படிவத்தின் நகலும் பள்ளியில் ஒருவரிடம் இருக்க வேண்டும். மூலம் உங்கள் பையில், நீர் புகாத உறைக்குள். கைபேசியில் மட்டும் வைத்துக்கொண்டால் பேட்டரி தீர்ந்ததும் அது இல்லாத மாதிரிதான். பயணம் முடிந்ததும் மருத்துவக் குறிப்புகளைப் பள்ளி விதிப்படி அழித்துவிடுங்கள். அவை பிள்ளைகளின் அந்தரங்கம்.

6. வண்டியும் பெரியவர்களும்

வண்டியை விலையை மட்டும் பார்த்துப் பிடிக்க வேண்டாம். பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு, பயண அனுமதி, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகலை வாங்கி, எல்லாவற்றிலும் முடியும் தேதியைப் பாருங்கள். பயண நாளுக்கு முன்தினம் முடியும் காப்பீடு பயணத்தன்று செல்லாது. அப்புறம், வந்து நிற்கும் வண்டியின் எண் நகலில் உள்ள எண்தானா என்று அன்று காலையில் ஒப்பிடுங்கள். "அந்த வண்டி ரிப்பேர், இதை அனுப்பியிருக்கோம்" என்பது அடிக்கடி நடக்கும். அந்த மாற்று வண்டியின் தாள்களைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு இருக்கை. மூவர் இருக்கையில் நால்வர் என்ற பேச்சே கூடாது.

பெரியவர் எண்ணிக்கைக்கு உங்கள் துறை விதி இருந்தால் அதுதான் முதல். இல்லாவிட்டால் நான் வைத்துக்கொள்ளும் அளவு: எட்டு வயதுக்குக் கீழே ஆறு பிள்ளைக்கு ஒருவர், பதினொன்று வரை பத்துக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர். நீர்நிலை அல்லது செங்குத்தான பாதை என்றால் இன்னும் கூட்டுங்கள். எத்தனை சிறிய கூட்டமானாலும் குறைந்தது இரண்டு பெரியவர், ஏனென்றால் ஒருவர் மருத்துவமனைக்குப் போனால் மற்றவர்களோடு ஒருவர் இருக்க வேண்டும். மாணவிகள் வந்தால் ஆசிரியை கட்டாயம் வேண்டும். முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும். துணைக்கு வரும் பெற்றோருக்கு அவர்கள் குழுவின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, வேலையை முன்கூட்டியே விளக்குங்கள். தன் பிள்ளை இருக்கும் குழுவை அவருக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. கண் தன் பிள்ளை மேலேயே நிற்கும்.

7. ஆபத்து மதிப்பீடு

பெயர் பெரிதாக இருக்கும், வேலை எளிது. நேரில் பார்த்த பாதையை மனதில் ஓட்டி, எங்கே என்ன நடக்கலாம், அதைத் தடுக்க என்ன செய்வோம், பொறுப்பு யார் என்று மூன்று நெடுவரிசையில் எழுதுங்கள். வேறு பள்ளியின் தாளைப் பார்த்து எழுதாதீர்கள். உங்கள் பாதையில் இல்லாத பாறை அதில் இருக்கும், இருக்கிற பாலம் அதில் இருக்காது. கட்டாயம் யோசிக்க வேண்டியவை:

மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அது ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே உறுதியான கட்டடத்துக்குள்ளோ, கதவு மூடிய பேருந்துக்குள்ளோ போய்விட வேண்டும். தனிமரமும் சுவரில்லாத கொட்டகையும் தஞ்சமாகாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். வானம் வெளுத்துவிட்டது என்று பிள்ளைகள் துடிப்பார்கள், அசையாதீர்கள்.

தண்ணீர். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரியவரையும் தள்ளிவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் பெய்த மழையால் ஆறு திடீரென்று ஏறும். திட்டத்தில் இல்லாமல் "கொஞ்ச நேரம் கால் நனைக்கலாம் சார்" என்ற கெஞ்சலுக்கு இறங்கவே கூடாது. எத்தனையோ வீடுகளின் துக்கம் அந்த ஒரு சொல்லில் தொடங்கியிருக்கிறது.

வெயில். வெப்பத்தில் நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது பொதுக்கணக்கு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் நேரம் வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் தெரிந்தால் நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ அது வெப்பவாதம். ஆம்புலன்ஸை அழையுங்கள், அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.

கடி, கொட்டு. தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்திலிருந்து எல்லோரையும் நகர்த்துங்கள். முகம் வீங்கி மூச்சு திணறினால் அது கடும் ஒவ்வாமை. அந்தப் பிள்ளைக்கு மருத்துவர் அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில், உடையின் மேலேயே போடலாம். போட்டதும் ஆம்புலன்ஸ். பாம்பு கடித்தால் கடித்த உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கெடுதல்.

எந்த நிலையில் பயணத்தை நிறுத்துவீர்கள் என்பதையும் இதே தாளில் எழுதுங்கள். கனமழை எச்சரிக்கை, பெரியவர் ஒருவர் வராமல் போவது, வண்டித் தாள் சரியில்லாதது. முன்பே எழுதி வைத்திருந்தால், வாசலில் ஆசையோடு நிற்கும் நாற்பது முகங்களைப் பார்த்துக்கொண்டே "இன்று இல்லை" என்று சொல்லும் துணிவு வரும்.

8. முந்தைய வாரம்

பெற்றோருக்குக் கடைசிக் குறிப்பு அனுப்புங்கள்: நேரம், உடை, மூடிய காலணி, தொப்பி, தண்ணீர்க் குப்பி, உணவு, விலையுயர்ந்த பொருள் வேண்டாம். மாணவர்களோடு ஒரு வகுப்பு நேரம் உட்கார்ந்து, பாதை, விதி, தொலைந்துபோனால் என்ன செய்வது என்று பேசுங்கள். "வழி தெரியவில்லை என்றால் அங்கேயே நில், நாங்கள் வந்து தேடுவோம்" என்பதைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். தொலைந்த பிள்ளை நடந்துகொண்டே இருந்தால் தேடுவது மிகக் கடினம்.

முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். காலாவதித் தேதி, கையுறை, பஞ்சு, கட்டுத்துணி, ஓஆர்எஸ் பொட்டலம், சானிட்டரி நாப்கின், வாந்திப் பை எல்லாம் இருக்கட்டும். மாணவர்களின் மருந்து பெயரெழுதிய தனிப் பைகளில், மருந்துக் கடை அட்டையோடு இருக்க வேண்டும். இன்ஹேலரைப் பேருந்தின் அடியில் உள்ள சாமான் அறையில் வைத்துவிடாதீர்கள். அது எப்போதும் அந்தப் பிள்ளையோடு நடக்க வேண்டும்.

வானிலையை மூன்று நாள் முன்பிருந்து பாருங்கள். போவதா வேண்டாமா என்ற முடிவை எந்த நேரத்தில் எடுப்பீர்கள், எப்படித் தெரிவிப்பீர்கள் என்று பெற்றோருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

9. அன்று

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் கொடுங்கள். தலையை மட்டும் எண்ணினால் முப்பத்தொன்பது வருகிறது, யார் இல்லை என்று தெரியாது. ஒன்று, இரண்டு என்று அவர்களே சொல்லிக்கொண்டு வந்தால் பதினேழு வரவில்லை என்றால் அது யார் என்று அந்த நொடியே தெரியும். ஏறும்போது, இறங்கும்போது, கழிப்பறை நிறுத்தத்துக்குப் பின், சாப்பாட்டுக்குப் பின், பாதை பிரியும் இடத்தில் எண்ணுங்கள். இரண்டு பெரியவர் தனித்தனியாக எண்ணி, பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒருவர் "நாற்பது" என்று முதலில் சொல்லிவிட்டால் மற்றவருக்கும் நாற்பதுதான் வரும். பேருந்துப் படியில் ஏறும் வரிசையைக் கவனியுங்கள். தண்ணீர்க் குப்பியை விட்டுவிட்டு வந்த பிள்ளை, எண்ணி முடித்தபின் யாரிடமும் சொல்லாமல் இறங்கி ஓடுவது அங்கேதான். எண்ணியதும் கதவை மூடச் சொல்லுங்கள்.

நடக்கும்போது பாதை தெரிந்த ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில். முன்னால் இருப்பவரை யாரும் தாண்டக் கூடாது, கடைசியில் இருப்பவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. இருவரிடமும் விசில், மூன்று ஊதல் என்றால் எல்லோரும் நிற்க வேண்டும். வாந்தி வரும் பிள்ளைகளைப் பேருந்தின் முன்பக்கம் உட்காரவைத்து தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர் யாரும் ஒரு மாணவரோடு தனியாக மறைவிடத்துக்குப் போகக் கூடாது. இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, பெரியவருக்கும் பாதுகாப்பு.

ஏதாவது நடந்துவிட்டால் வரிசை இது: மற்ற பிள்ளைகளைப் பாதுகாப்பான இடத்தில் உட்காரவைப்பது, முதலுதவி, அவசர எண், பள்ளித் தொடர்பாளர் (படிவ நகல்களோடு பள்ளியில் இருப்பவர்), பிறகு அந்தப் பெற்றோர். பல நாடுகளில் 112 பொது அவசர எண். போகும் இடத்தில் எது என்பதை ஒவ்வொரு பெரியவரின் பட்டியலிலும் எழுதி வையுங்கள். என்ன நடந்தது என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்த வீட்டுக்கு முதலில் தெரிய வேண்டும், அதுவும் பள்ளியிலிருந்து ஒரு குரலில்.

பாடத்துக்கு என்று வைத்த நேரத்தைக் கழிப்பறை வரிசைக்காகவும் சாப்பாட்டுக்காகவும் வெட்டாதீர்கள். தாமதமானால் ஒரு நிறுத்தத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிப் பார்க்கும் ஐந்து இடத்தைவிட, நின்று பார்க்கும் இரண்டு இடம் மேல்.

10. திரும்பிய பிறகு

எந்தப் பிள்ளையை யார் அழைத்துப்போகிறார் என்று பட்டியலில் குறித்துக்கொண்டே அனுப்புங்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை இரண்டு பெரியவர் அங்கே இருக்க வேண்டும். தாமதமானால் அரை மணிக்கு முன்பே பள்ளித் தொடர்பாளர் மூலம் எல்லோருக்கும் செய்தி போகட்டும்.

கணக்கை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ரசீது இல்லாத செலவு என்றால் அன்றே ஒரு தாளில் தேதி, தொகை, எதற்கு என்று எழுதி, உடன் வந்த இன்னொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மீதியைத் திருப்பிக் கொடுத்ததற்கும் கையெழுத்து வாங்குங்கள். சிறு கீறல், தவறவிருந்த விபத்து எதுவானாலும் பள்ளியின் பதிவேட்டில் எழுதுங்கள். எந்தப் படிக்கட்டு வழுக்கியது, எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று கோப்பின் கடைசிப் பக்கத்தில் குறித்து, கோப்பை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போகும் ஆசிரியர் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அது என்று மேலட்டையில் எழுதிவிடுங்கள்.